சத்து மாத்திரை

கண்ணாடிக்கடை அக்கா தன் புருஷனுடைய முன்பல்லை ஒரு கரண்டியால் உடைத்தவள். அடிப்பாவி என்று சொல்லத் தோன்றுகிறதா? சொல்லிக்கொள்ளுங்கள். அவளும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். ஆனால் அதற்கு முந்தின மாதம் அந்த மனிதர் அவளுடைய இடது கையை இரண்டு இடத்தில் முறித்திருந்தார். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை சொல்கிறவனின் நாக்கு அழுகிப்போகும்.

அவர் கண்ணாடி வெட்டுகிறவர். ஆளுயரக் கண்ணாடியை மேசைமேல் படுக்கப்போட்டு, கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு இழுப்பார். ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் கோடு பிசகாமல் இரண்டாகப் பிரியும். அவள் மரத்தை அறுத்துச் சட்டம் போடுவாள். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறை வீடு, ஒரு மகள். யார் கண்ணும் படும்படி ஒன்றும் இல்லை, ஆனாலும் பட்டது.

மகளுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அவருக்கு அது வந்தது. கடையிலிருக்கும் கண்ணாடிகளுக்குப் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், தன்னை வேவு பார்க்கிறார்கள் என்று ஆரம்பித்தார். முதலில் கண்ணாடிகளைத் துணிபோட்டு மூடினார். பிறகு சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார். ஒரு நாள் காலையில் சுத்தியலை எடுத்துவிட்டார். தடுக்கப்போன அக்காவின் கை எலும்பு முறிந்தது, புருவம் கிழிந்தது. நாலு பேர் அமுக்கிப் பிடித்து மனநல ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே போட்ட ஒரு ஊசியில் அவருடைய கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, கண் மேலே செருகி, ஆள் போய்விட்டார் என்றே அவள் நினைத்தாள். மாற்று ஊசி போட்டுச் சரிசெய்தார்கள். இந்த ஊசி இவருக்கு ஆகவே ஆகாது என்று சிவப்பு மையில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபின் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்றார். எனக்கென்ன பைத்தியமா என்று கேட்டார். நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்துத் துப்பினார். ஆஸ்பத்திரியில் தாதிகள் செய்ததுபோல அவளும் வாயைத் திற, நாக்கைத் தூக்கு என்று அதட்டிப் பார்த்தாள். ஒரு நாள் கட்டுப் போட்ட கையோடு அவர் மார்பில் முழங்காலை ஊன்றி, கரண்டியைப் பல்லிடுக்கில் விட்டு நெம்பினாள். மாத்திரை உள்ளே போனது, பல் வெளியே வந்தது. ரத்தம் வழிய அவர் அவளைப் பார்த்த பார்வையை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

இனி இப்படி ஒரு நாள்கூட ஆகாது என்று அன்றைக்கே முடிவு செய்தாள். மருந்துக்கடைக்குப் போய் மஞ்சள் மூடி போட்ட சத்து மாத்திரை டப்பா ஒன்று வாங்கினாள். உள்ளே இருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, ஆஸ்பத்திரி மாத்திரையை அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி அதில் நிரப்பினாள். ரத்தம் ஊற டாக்டர் இதைக் கொடுக்கச் சொன்னார் என்று சொன்னாள். சத்து என்றதும் மனிதர் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். அன்றிலிருந்து பதினோரு வருஷம், ஒரு நாள் தவறாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அக்கா மறைத்தாள். ஆள் தெரியாத வேறு ஊருக்குக் கடையை மாற்றினாள். சட்டத்துக்கு மரம் பார்க்கப் போகிறேன் என்று மாதம் ஒரு முறை கிளம்பிப்போய் மனநல ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கிவந்தாள். என்றைக்காவது அவரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அங்கிருந்த டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். இவளும் தலையாட்டிவிட்டு வருவாள். சிவப்பு மை அட்டை பீரோவில் துணிக்கடியில் கிடந்தது. அப்பனுக்குப் புத்தி பேதலித்தது என்று தெரிந்தால் மகளை யார் கட்டுவார்கள்? அதுதான் அவளுடைய ஒரே கணக்கு. மகளையும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாள். அவருக்கு உடம்பு மட்டும் பூசணிக்காய்போல ஊதியது. சத்து மாத்திரை நல்லாத்தான் வேலை செய்யுது என்று தொப்பையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். அவளும் சிரிப்பாள்.

பட்ட காலிலே படும் அல்லவா. அவருக்குக் கழுத்தில் கட்டி வந்தது. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். ஆனால் டாக்டரம்மா தைரியம் சொன்னார். மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று, மொத்தம் ஆறு சுற்று மருந்து ஏற்றவேண்டும், இடையில் விடாமல் முடித்தால் பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு இருக்கிறது, பாதியில் விட்டால் கட்டி திரும்ப வரும், அப்போது கையை விரிப்பதைத் தவிர வழியில்லை என்றார். ஆறு என்ற எண்ணை அக்கா மனத்தில் ஆணி அடித்ததுபோல அடித்துக்கொண்டாள்.

முதல் சுற்றுக்கு முன்னால், மருந்துகளைக் கவனிக்கும் பெண் அவர்கள் இருவரையும் உட்காரவைத்து, வேறு என்ன மருந்தெல்லாம் சாப்பிடுகிறார் என்று கேட்டாள். பக்கத்து நாற்காலியில் மகளும், மகளுடைய மாமியாரும். சம்பந்தியம்மா பாவம், பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்திருந்தார். புற்றுநோயை ஊருக்கெல்லாம் சொல்ல அக்காவுக்குக் கூச்சம் இல்லை. மற்றதைச் சொல்ல நாக்கு எழவில்லை. அவர்தான் பதில் சொன்னார், பல வருஷமாக ஒரு சத்து மாத்திரை சாப்பிடுகிறேன் என்று.

"அதை இன்னையோட நிறுத்திடுங்க. வைட்டமின், டானிக், லேகியம், எதுவும் வேண்டாம். புற்றுநோய் மருந்தோட எது எப்படிச் சண்டை போடும்னு சொல்ல முடியாது" என்றாள் அந்தப் பெண்.

வாயைத் திற, திற என்று அக்காவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் திறக்கவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போனதும் அவர் முதல் வேலையாக மஞ்சள் மூடி டப்பாவை எடுத்துக் குப்பையில் எறிந்தார். உயிருக்குப் பயந்த மனிதர், டாக்டர் சொல் வேதவாக்கு. எறிந்ததைப் பொறுக்கி அவள் ஒளித்துவைத்தாள்.

முதல் சுற்று எப்படியோ ஓடிவிட்டது. ஊசிமருந்தோடு ஐந்து நாளைக்கு ஸ்டீராய்டு மாத்திரையும் உண்டு. அது தூக்கத்தைக் கெடுக்கும், பேச்சு அதிகமாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். அவர் தூங்கவில்லை, பேசிக்கொண்டே இருந்தார். மருந்து வேலை என்று மகள் சொன்னாள். அக்கா மட்டும் அதை நம்பவில்லை. ஒரு நாள் அவர் அலமாரிக் கண்ணாடி ஒன்றைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்ததைப் பார்த்தாள்.

அப்போதாவது ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்க வேண்டாமா? ஓடவில்லை. தனக்குத் தெரிந்த வழிக்கே போனாள். ஒளித்த மாத்திரையை அம்மியோரத்தில் வைத்துப் பொடித்து அவருடைய கஞ்சியில் கலந்தாள். வாந்தி எடுக்கிற மனிதர் எத்தனை வாய் குடிப்பார்? பாதிக் கஞ்சி கீழே போனது. போதாது என்று மறுநாள் இரண்டு மாத்திரையாகப் பொடித்தாள். இன்னும் கொஞ்ச நாள், ஆறு சுற்று முடியட்டும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இரண்டாம் சுற்றின் நாலாம் நாள், காலை பதினொரு மணி. அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். முடி கொட்டிய தலை, கழுத்தில் தொங்கும் தோல், கண் மட்டும் பளபளவென்று இருந்தது. டம்ளரின் அடிக்கு வந்ததும் நிறுத்தினார். அடியில் கரையாத வெள்ளைத் தூள் தங்கியிருந்தது. விரலால் தொட்டுக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். முப்பது வருஷம் கண்ணாடி அறுத்த கை அது. நறநறவென்ற வெள்ளைத் தூள் என்றால் அந்தக் கைக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்.

எழுந்துபோய் ஷட்டரை இழுத்து உள்பக்கம் பூட்டினார். அக்கா ஒரு சட்டத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். திரும்பியபோது அவர் முகத்துக்கு நேரே நின்றார்.

"கண்ணாடியப் பொடி பண்ணிப் போடுறியா எனக்கு?"

அவள் இல்லைங்க என்றாள். வேறு என்ன என்று கேட்டார். அவளால் சொல்ல முடியவில்லை. அந்த மௌனம் போதும் அவருக்கு. கன்னத்தில் விழுந்த அறையில் அவள் மேசைமேல் சாய்ந்தாள். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி, டம்ளரை அவள் வாயில் வைத்து அழுத்தினார். குடி, நீயே குடி என்று பல்லில் இடித்தார். உதடு கிழிந்தது. அவள் குடித்தாள். அடித்தூள் முழுவதையும், தன் ரத்தத்தோடு சேர்த்து, விழுங்கினாள். விழுங்கிவிட்டு, பாருங்க, ஒன்றும் ஆகவில்லை என்றாள். பைத்தியத்துக்கு நியாயம் சொன்னால் எடுபடுமா? உனக்குப் பழக்கம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பழகியிருப்பாய் என்றார்.

பிறகு சுத்தியல் வந்தது. முதல் அடி வாசல் ஓரத்து ஆளுயரக் கண்ணாடிக்கு. இரண்டாவது, மூன்றாவது என்று சுவர் நெடுக அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றுக்குள்ளும் இருக்கிறவனைப் பெயர் சொல்லாமல் வெளியே வாடா என்று கூப்பிட்டார். சில்லுகள் மழையாகக் கொட்டின. அவள் தகரத் தட்டு ஒன்றால் முகத்தை மறைத்துக்கொண்டு மேசைக்கடியில் போய்விட்டாள். சுத்தியல் கை நழுவியதும் அவர் ஒரு நீளச் சில்லை வெறுங்கையால் பிடித்தார். அதைக் கத்திபோல நீட்டிக்கொண்டு மேசைக்கடியில் குனிந்தார். அவருடைய உள்ளங்கை பிளந்து ரத்தம் முழங்கைவரை ஓடியது.

அப்போதுதான் அக்காவுக்கு டாக்டரம்மா சொன்னது மண்டையில் உறைத்தது. இந்த மருந்து ஏற்றிய நாட்களில் ரத்தத்தை உறையவைக்கும் அணுக்கள் குறைந்துவிடும், சின்ன வெட்டுக்கூட நிற்காது, கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லியிருந்தார். அவள் தன் உயிரை மறந்தாள். மேசைக்கடியிலிருந்து தேக்குச் சட்டத்தின் நீளக் கட்டை ஒன்றை உருவி, அவருடைய முழங்காலில் ஓங்கி அடித்தாள். விழுந்தவரின் மணிக்கட்டில் இன்னொரு அடி. சில்லு தெறித்தது. அவர்மேல் ஏறி உட்கார்ந்து இரண்டு கையையும் தரையோடு அழுத்திக்கொண்டு, தம்பீ, ஷட்டரை உடைங்க என்று பக்கத்துக் கடைப் பூட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவர் கீழே கிடந்து அவளுடைய தோளைக் கடித்தார். கடித்த வாயை எடுக்கவில்லை. அவளும் பிடியை விடவில்லை.

பூட்டுக்காரர் கடப்பாறையால் நெம்பித் திறந்தார். கண்ணாடி கட்டும் கயிற்றாலேயே அவர் கையைக் கட்டினார்கள். அவள் தன் துப்பட்டாவைக் கிழித்து அவர் உள்ளங்கையில் சுற்றி, ஆட்டோவில் போகும்போதெல்லாம் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டே வந்தாள். துணியை மீறி ரத்தம் அவள் மடியில் சொட்டியது.

அவசரப் பிரிவில் கட்டிலோடு கட்டினார்கள். வாந்தி எடுத்துக்கொண்டே இருந்ததால் முதலில் வாந்திக்கு ஊசி போட்டார்கள். கைக்குத் தையல் போட விடாமல் உதைத்தார். பணியிலிருந்த டாக்டர் அவளிடம் திரும்பி, இவருக்கு மனநோய் ஏதாவது உண்டா, அதற்கு மருந்து சாப்பிட்டிருக்கிறாரா என்று நேராகவே கேட்டார். செய்தி கேட்டு மகளும் சம்பந்தியம்மாவும் அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார்கள்.

இல்லை என்றாள் அக்கா.

சொல்லும்போதே அவளுக்கு நாக்கு தடித்திருந்தது. தலை பஞ்சுமூட்டைபோல் கனத்தது, கால் தன்னுடையதாக இல்லை. கடையில் குடித்த பொடி வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கனத்தையா இவருக்குப் பதினோரு வருஷம் கொடுத்தேன் என்று நினைத்தாள். காலையில் எழுந்திருக்க முடியாமல் அவர் கட்டிலில் உட்கார்ந்தே இருப்பார். சோம்பேறி என்று அவள் எத்தனை தடவை திட்டியிருப்பாள்.

டாக்டர் அடக்கும் ஊசியைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் கத்துவது நின்றது. அப்பாடா என்று மகள் சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய கழுத்து மெதுவாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. திரும்பிக்கொண்டே போனது. யாரோ இரண்டு கையால் பிடித்துத் திருகுவதுபோலத் திருகியது. தாடை கோணியது, கண் மேலே செருகியது, வாயோரம் எச்சில் ஒழுகியது. அக்கா இதைப் பார்த்திருக்கிறாள். இதே கழுத்து, இதே பக்கம். சிவப்பு மையில் எழுதிய அட்டை வீட்டுப் பீரோவில் கிடக்கிறது.

"அந்த ஊசி அவருக்கு ஆகாது" என்று கத்தினாள். "முன்னாடியே ஒரு தடவை இப்படி ஆச்சு. அவருக்கு மனநோய்தான். பதினோரு வருஷமா நான் மாத்திரை கொடுத்தேன், அவருக்கே தெரியாம. நான்தான் மறைச்சேன். மாத்து ஊசி போடுங்க, சீக்கிரம் போடுங்க."

மாற்று ஊசி போட்டார்கள். அரை மணியில் கழுத்து நிமிர்ந்தது. வாந்தி ஊசியும் அடக்கும் ஊசியும் மூளையில் ஒரே இடத்தைத்தான் பிடிக்கும், ஒன்றே ஆகாத உடம்புக்கு இரண்டையும் கொடுத்தால் இப்படித்தான் முறுக்கும், ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லியிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்போமே என்றார் டாக்டர். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சம்பந்தியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மகள் போகவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயசும்மா அப்ப, எல்லாம் ஞாபகம் இருக்கு, நீ சொல்லாததால நானும் சொல்லலை என்றாள்.

மறுநாள் புற்றுநோய் டாக்டரம்மாவும் மனநல டாக்டரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். பழைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது ஒரு பக்கம், ஸ்டீராய்டு கிளப்பிவிட்டது இன்னொரு பக்கம், அதனால்தான் நோய் இப்படித் தலைவிரித்து ஆடியது என்று விளக்கினார்கள். பழைய மாத்திரையையே திரும்ப ஆரம்பிக்கலாம், இதயத் துடிப்பைப் படமெடுத்துப் பார்த்துக்கொண்டு, வாந்தி மருந்தை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அதோடு மனநல டாக்டர் ஒரு சங்கதி சொன்னார். இந்த மாத்திரைக்கே வாந்தியை நிறுத்தும் குணமும் உண்டு, புற்றுநோய்க்காரர்களுக்கு அதற்காகவும் கொடுப்பது வழக்கம். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடனே எல்லாம் சொல்ல முடியாவிட்டால் இப்போதைக்கு வாந்தி மாத்திரை என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை என்றார்.

பாருங்கள், தெய்வமே தட்டில் வைத்து நீட்டியதுபோல ஒரு பொய், அதுவும் பாதி உண்மை. பழைய அக்காவாக இருந்தால் இரண்டு கையாலும் வாங்கியிருப்பாள்.

நாலு நாள் கழித்து அவருக்குத் தெளிவு வந்தது. கையில் பெரிய கட்டு, வீங்கிய முழங்கால். தாதி மாத்திரையைக் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் தந்துவிட்டுப் போனாள். இது எதுக்கு என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் உட்கார்ந்தாள். அந்தக் கனம் இன்னும் அவள் தலைக்குள் இருந்தது. மஞ்சள் மூடி டப்பாவிலிருந்து ஆரம்பித்து, கஞ்சிப் பொடி வரைக்கும், மரம் பார்க்கப் போன பொய் உட்பட ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர் கட்டுப் போட்ட கையாலேயே அவளை அறைந்தார். தையல் விட்டுக் கட்டு முழுக்கச் சிவந்தது. இந்த அடிக்கு எந்த நோயும் காரணமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

இனி உன் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன், மிச்சம் நாலு சுற்றும் வேண்டாம், சாகிறேன் என்றார். ஆஸ்பத்திரியில் தாதி கையால் மட்டும் விழுங்கினார். வீட்டுக்கு வந்தபின் அதுவும் நின்றது. மகள் கெஞ்சிப் பார்த்தாள். பூட்டுக்காரர் புத்தி சொன்னார். அவரோ ஷட்டர் போட்ட கடைக்குள், சில்லுகளைக் கூட்டி அள்ளியபின் காலியாக நின்ற சட்டங்களுக்கு நடுவே, முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் சுற்றுக்கு மூன்று நாள் இருந்தது, இரண்டு ஆனது, ஒன்றானது. பொடித்துக் கலக்கிவிடலாமா என்று அவளுடைய கை அரித்தது. அவள் அம்மிப் பக்கமே போகவில்லை. சாகட்டும் என்று ஒரு தடவை நினைத்தாள், நினைத்ததற்காக அழுதாள்.

சுற்றுக்குரிய நாள் காலையில் அவர் கடையிலிருந்து கூப்பிட்டார். டப்பா வேண்டாம், அட்டையோட கொண்டு வா என்றார். அவள் கொண்டுபோய் மேசைமேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கண்ணாடித் துண்டின் ஓரத்தைப் பார்ப்பதுபோல அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரை எழுத்துக்கூட்டிப் படித்தார். தானே ஒன்றைப் பிதுக்கி எடுத்து, தானே குழாயில் பிடித்து வந்த தண்ணீரில் விழுங்கினார்.

பிறகு அவளுக்கு நேரே வந்து நின்று, வாயை அகலத் திறந்தார். நாக்கை மேலே தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காட்டினார். முன்னால் அவள் உடைத்த பல்லின் ஓட்டை தெரிந்தது.

"பார்த்துக்க" என்றார். "இனிமே என் கஞ்சியில கை வைக்காத."

அவள் பார்த்தேன் என்றாள். வாயை மூடுங்க என்று அவள் சொல்லவில்லை. அவர் மூடாமல் அப்படியே நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து வாசலில் ஹாரன் அடிக்கும்வரை நின்றார்.

ஆறு சுற்றும் முடிந்து, அவர் மறுபடி கட்டர் பிடிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. கட்டி திரும்பவில்லை. சம்பந்தியம்மா அந்த வீட்டுப் படி ஏறுவதில்லை, மகள் மட்டும் வந்துபோகிறாள். அவர் தன் கஞ்சியைத் தானே காய்ச்சிக்கொள்கிறார். தினமும் சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு அவள் எதிரில் வந்து வாயைத் திறக்கிறார். அவளும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, நிமிர்ந்து, ஒரு நாள் விடாமல் பார்க்கிறாள்.